மனை: வீடாக இருந்து வெறும் நிலமான சொல்

தமிழ்நாட்டில் எந்த ஊரின் எல்லையைத் தாண்டினாலும் ‘மனைகள் விற்பனைக்கு’ என்ற பலகை கண்ணில் படும். பலகைக்குப் பின்னால் வீடு எதுவும் இருக்காது. புல் செதுக்கிய பொட்டல், வண்ணம் பூசிய எல்லைக்கற்கள், தார் காணாத சாலை, அவ்வளவுதான். வாங்க வருபவர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்து, கிழக்குப் பார்த்ததா தெற்குப் பார்த்ததா என்று விசாரித்து முன்பணம் கொடுக்கிறார். இன்றைக்கு மனை என்றால் இனிமேல் வீடு கட்டப்போகும் காலி நிலம்.

சங்க காலத்துப் புலவரிடம் போய்க் காலி மனை என்று சொல்லியிருந்தால், ஆள் இல்லாத வீடு என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். அடுப்பு எரியும் வீடுதான் அன்றைய மனை. கன்னடத்தில் ‘மனெ’ இன்றும் வீடு. மலையாளத்தில் ‘மன’ என்றால் நம்பூதிரிக் குடும்பத்தின் இல்லம். மன்னுதல் என்றால் நிலைத்திருத்தல். அந்த வேரிலிருந்தே மனை பிறந்தது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. அலைச்சல் முடிந்து ஓரிடத்தில் தங்குவதே சொல்லின் உயிர் என்று கொண்டால், மனைவியும் மனையாளும் மனைக்கிழத்தியும் அதிலிருந்து கிளைத்தது இயல்பாகத் தோன்றும். வள்ளுவர் ‘பிறன்மனை’ என்பது அடுத்தவன் வீட்டை அல்ல, அவன் மனைவியை. கட்டடம், அதற்குள் நடக்கும் குடும்பம், அதை நடத்தும் பெண் ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. சொல்லில் இருந்த பெண்ணுக்குப் பத்திரத்தில் இடம் கிடைக்கத்தான் வெகுகாலம் பிடித்தது.

வீடு எப்போது நிலமானது என்று ஒரு தேதியைச் சொல்ல முடியாது. வழி மட்டும் தெரிகிறது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் கொடுத்த ஆனைமங்கலத்தைப் பற்றிய செப்பேட்டில், ஊரில் அடங்கிய எல்லாவற்றையும் வரிசைப்படுத்தும்போது மனையும் மனைப்படப்பையும் அருகருகே வருகின்றன. படப்பை என்றால் வீட்டை ஒட்டிய கொல்லை. தொடர்ந்து கடை, தெரு, மன்று, குளம், புற்று என்று பட்டியல் நீள்கிறது. தானமாகப் போகிற சொத்துகளின் கணக்கில் மனை நுழைந்தபோதே அது அளக்கப்படும் பொருளாகவும் ஆகிவிட்டது. பிற்காலத்தில் அது அளவின் பெயராகவே நின்றது. சென்னைக் கணக்கில் 60 அடிக்கு 40 அடி, அதாவது 2,400 சதுர அடி ஒரு மனை. 24 மனை ஒரு காணி. ஆங்கிலேயர் மனையைத்தான் ‘கிரவுண்டு’ என்றார்கள். சென்னைத் தரகர்கள் இன்றும் அந்தக் கிரவுண்டில்தான் விலை பேசுகிறார்கள்.

நிலம் வீட்டிலிருந்து பிரிந்து தனிப் பொருளானதும் ஒரு கேள்வி எழுந்தது. வீடு ஒருவருடையதாகவும் அதன் அடியிலுள்ள மண் இன்னொருவருடையதாகவும் இருந்தால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டின் சேரிகளுக்கு இது புதிய கேள்வி இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீங்கிய இடங்களைச் சொல்லும் பகுதியில் ஊர்நத்தம் ஒன்றாகவும் பறைச்சேரி வேறாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. நத்தம் என்றால் ஊரார் குடியிருக்கும் இடம். அந்த வரையறைக்குள் சேரி வரவில்லை. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் தம் அறிக்கையில் இதன் விளைவைப் பதிவு செய்தார்: தலித் மக்கள் குடிசை போட்டிருக்கும் இடம்கூட மிராசுதாரின் பிடியில் இருந்தது. கூலி கூடுதலாகக் கேட்டால் வீட்டைக் காலி செய் என்ற மிரட்டல் வரும். அந்த அறிக்கையைத் தொடர்ந்து, தலித் மக்களுக்கு நிலம் ஒதுக்க 1892 செப்டம்பர் 30-இல் பிறந்த 1010-ஆம் எண் அரசாணைதான் இன்று பஞ்சமி நிலம் என்று பேசப்படுவதன் தொடக்கம். பண்ணையார் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளருக்குக் காலடி மண் சொந்தம் என்று சட்டம் வர மேலும் எண்பது ஆண்டு ஆயிற்று. 1971-இன் குடியிருப்புச் சட்டம் அது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் ரயிலேறிவிட்டன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டவர்களில் பலருக்கு வண்டி நின்ற இடம் மும்பையின் தாராவி.

தாராவியின் முதல் குடிகள் கோலி மீனவர்கள். மும்பையின் பழைய ஊர்களை மராத்தியில் ‘காவ்டாண்’ என்பார்கள். நம் ஊர் நத்தத்துக்கு அதைவிடப் பொருத்தமான மராத்திச் சொல் கிடைக்காது. கோலிகளின் குடியிருப்பான கோலிவாடாவுக்கு வெளியே இருந்தது உப்பங்கழியும் சேறும். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொழிலோடு வந்தார்கள். அவர்கள் எழுப்பிய பெரிய பள்ளிவாசலுக்கு ஆண்டு 1887. பின்னால் வந்த தமிழர்களுக்கு வாங்குவதற்கு மனை இருக்கவில்லை. சதுப்பில் குப்பையும் கல்லும் மண்ணும் கொட்டி, மிதித்து, மழைக்காலத்தில் மூழ்கியதை மறுபடி மேடாக்கி, நிற்க ஒரு தரையை அவர்களே உண்டாக்கினார்கள். இந்த உழைப்பை எந்தப் பதிவுத்துறையும் கணக்கில் எழுதவில்லை. நிலத்தை ஆக்கியவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று அழைப்பது எந்த நியாயத்திலும் சேராது.

மனை என்ற சொல்லும் அங்கே கூட வரவில்லை. மும்பைத் தமிழர் வாயில் புழங்கியது ‘ஜாகா’. இந்தியிலும் மராத்தியிலும் இடத்தைக் குறிக்கும் சொல் அது. பாரசீக வழி வந்த அதே சொல்தான் சென்னைப் பக்கம் ‘ஜாகை’ ஆகி, தங்கும் வீட்டைக் குறித்தது. ஒரே சொல் தெற்கே வீடாகவும் மும்பையில் வெற்றிடமாகவும் நிற்கிறது. மனைக்கு நேர்ந்த அதே கதி. ஜாகாவில் எழும்புவது ‘கோலி’. மீனவரைக் குறிக்கும் பெயரோடு இதற்குத் தொடர்பில்லை, மராத்தியில் அறை என்று பொருள். ஓர் அறையே வீடாக இருந்ததால் அறையின் பெயரே வீட்டுக்கும் ஆகிவிட்டது.

தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்கா. அங்கே வந்த தமிழரின் கதை வேறு. 1896-இல் மும்பையைப் பிளேக் தாக்கியது. நெருக்கடியைக் குறைக்க 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்து வயல்களையும் தோப்புகளையும் கையகப்படுத்தி, சாலை போட்டு, மனை பிரித்து, விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது அந்த டிரஸ்ட். குத்தகைக்கு எடுத்தவர்கள் மூன்று நான்கு மாடி கட்டினார்கள். அவற்றில் வாடகைக்குக் குடிவந்தவர்களில் ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை பார்த்த தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் ஏராளம். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் தொடங்கப்படும் அளவுக்கு அங்கே தமிழர் கூட்டம் சேர்ந்திருந்தது. இந்தப் பகுதியை ஆராய்ந்த நிகில் ராவ் தம் நூலுக்குத் தோட்டமில்லாத வீடு என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். செப்பேட்டு மொழியில் சொன்னால், மனைப்படப்பை இல்லாத மனை. கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ கொல்லைக்கடைசியில் இருந்த கழிப்பறை இங்கே வீட்டுக்குள் வந்தது. ஆசாரம் பார்த்த குடும்பங்களுக்கு அது சிறிய மாற்றமாக இருந்திருக்காது.

அந்த வீட்டுக்குப் பெயர் ஃப்ளாட். தமிழில் எழுதும்போது காலி நிலமான ‘பிளாட்’டும் அடுக்ககத்தின் ‘பிளாட்’டும் பெரும்பாலும் ஒரே எழுத்தில் வந்து விழுகின்றன. விளம்பரத்தில் சதுர அடியையும் மாடி எண்ணையும் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆங்கில ஃப்ளாட்டின் மூலமான பழைய சொல் ‘ஃப்ளெட்’டுக்கும் தரை, வீடு என்ற இரு பொருள் இருந்தன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தரைக்கும் வீட்டுக்கும் ஒரே பெயர் வைப்பது நமக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை.

சொந்த வீடு வேண்டும் என்ற ஆசை மாட்டுங்கா வாடகைக்காரர்களைக் கிழக்கே செம்பூருக்கு நகர்த்தியது. 1960-இன் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் 1963-இன் உரிமை ஃப்ளாட்டுச் சட்டமும் அதற்கு உதவின. ‘சொசைட்டி’ என்ற சொல் மும்பைத் தமிழரின் சமையலறைப் பேச்சு வரை வந்தது இப்படித்தான். சொசைட்டியில் வீடு வாங்குகிறவர் கையில் நிலத்தின் பட்டா இருக்காது, பங்குப் பத்திரம் இருக்கும். மண் எல்லோருக்கும் பொது, சுவருக்குள் இருக்கும் வெளி மட்டும் அவருக்கு. முருகன் கோயிலைச் சுற்றிச் செம்பூரின் சேடா நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இந்தப் புது உரிமையை ஏற்றுக்கொண்டன. ஊரில் ஒரு மனையாவது வாங்கிப் போட வேண்டும் என்ற நினைப்பும் பலரை விட்டுப் போகவில்லை.

செம்பூரை அடுத்த டிராம்பேயின் கதையில் இந்த வரலாற்றின் மிகக் கசப்பான சொல் வருகிறது. அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி இருந்தது. நகரின் வேறு இடங்களிலிருந்து மாநகராட்சியே கொண்டுவந்து குடியேற்றிய மக்களால் உண்டான குடியிருப்பு அது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதம், அது இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 70,000 பேர் சீத்தா கேம்ப்புக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இடிப்பை எதிர்த்துப் பல ஆண்டு போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை உருவாக்கி, 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்ற அவருடைய அரசியல் கல்வி அந்தப் போராட்டத்தில்தான் தொடங்கியது.

இப்படி இடம் மாற்றப்பட்டவர்களுக்கு அரசு ஒதுக்கிய துண்டு நிலத்துக்கு மும்பை அதிகாரிகள் வைத்த பெயர் ‘பிட்ச்’. கிரிக்கெட் ஆடும் இடத்துக்கும் கூடாரம் அடிக்கும் இடத்துக்கும் உள்ள ஆங்கிலச் சொல். வழக்கமான அளவு 10 அடிக்கு 15 அடி. கணக்குப் போட்டால் சென்னையின் ஒரு மனைக்குள் பதினாறு பிட்ச் அடங்கும். நிலைத்திருத்தலில் வேர்கொண்ட மனையை இழந்தவர்களுக்கு, கூடாரத்தை அடித்துப் பிடுங்கும் சொல் கிடைத்தது. அதிகாரிகள் யோசித்து வைத்த பெயராக இருக்காது. இருந்தாலும் அந்த மக்களை அரசு எப்படிப் பார்த்தது என்பதை அது மறைக்கவில்லை.

நடைபாதைவாசிகளை அகற்றுவதை எதிர்த்து எழுந்து, 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓல்கா டெல்லிஸ் வழக்கிலும் பிட்ச் இடம்பெறுகிறது. மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து 1961-இல் வந்த நிலமற்ற கூலித்தொழிலாளி. வறட்சியால் வேலை போய் மும்பை வந்தவர். மேற்கு விரைவு நெடுஞ்சாலை அருகே நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு மறைவுக்கு, அடாவடிக்காரன் ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்ததாகத் தீர்ப்பு பதிவு செய்கிறது. அப்போது அவருடைய தினக்கூலி 23 ரூபாய். மனைவியும் மூன்று மகள்களும் உடன் இருந்தார்கள். நூறு நாளுக்கு மேற்பட்ட உழைப்பைக் கொடுத்து அந்தக் குடும்பம் வாங்கியது எந்தச் சட்டமும் மனை என்று ஒப்புக்கொள்ளாத ஓர் இடம். பிழைப்புரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை அது தரவில்லை. 1976 கணக்கெடுப்பு அட்டை வைத்திருந்தவர்களுக்கு மாற்றுப் பிட்ச் தர வேண்டும் என்றது.

அந்தக் கணக்கெடுப்பு 1976 ஜனவரி 4 அன்று ஒரே நாளில் நகரெங்கும் நடந்தது. பதிவான குடும்பங்களுக்குப் ‘போட்டோ பாஸ்’ கிடைத்தது. குடும்பத்தின் படம் ஒட்டிய அந்தத் தாளைத் தாராவி மக்கள் ஊரில் பட்டாவைப் பாதுகாப்பதுபோல் பாதுகாத்தார்கள். அது பட்டா ஆகாது. கட்டுமானம் இருப்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். மண்ணைப் பற்றி அது வாய் திறக்காது. பிறகு வந்த சீரமைப்புத் திட்டங்களில் மண்ணைப் பற்றிய பேச்சே மறைந்து சதுர அடி மட்டும் நின்றது: 1991-இல் 180, 1995-இல் 225, அப்புறம் 269, 300. இப்போது அதானி குழுமம் பொறுப்பேற்றிருக்கும் தாராவித் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவர்களுக்கு 350 சதுர அடி. அதற்குப் பின் வந்தவர்களும் மேல்தளத்தில் இருப்பவர்களும் தாராவிக்கு வெளியே போக வேண்டும். அவர்களுக்காகப் பேசப்படும் இடங்களில் உப்பளங்களும் தேவ்னார் குப்பைமேடும் உண்டு. சேற்றை மேடாக்கி வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளை மறுபடி சேற்றுக்கும் குப்பைக்கும் அனுப்புவது அநீதி.

இந்தச் சீரமைப்பு விதிகளுக்குள் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. குடிசைக்கு மாற்றாகக் கிடைக்கும் வீடு கணவன் மனைவி இருவருக்கும் கூட்டாகச் சொந்தம். சொசைட்டியின் பதிவேட்டிலும் பங்குப் பத்திரத்திலும் இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்று மும்பையின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 33(10) சொல்கிறது. தாராவியிலோ சீத்தா கேம்ப்பிலோ கணக்கெடுப்பு முடிந்து தாள்களில் கையெழுத்துப் போடக் காத்திருக்கும் குடும்பங்கள் அந்த விதியைக் கேட்டு வாங்க வேண்டும். மனைவியின் பெயர் ஏறாத பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, ஏற்றித் தரச் சொல்லுங்கள்.