மறுக்கப்பட்ட மானியமும் துணைக் கோரிக்கையும்: வங்காளச் சட்டமன்றம், 1924

இந்திய அரசியலமைப்பின் 205ஆம் உறுப்பு மாநில அரசுகளின் துணை மானியக் கோரிக்கைகளைப் பற்றியது. ஓர் ஆண்டுக்கென ஒதுக்கப்பட்ட தொகை போதாதெனக் கண்டறியப்படும்போதும், ஆண்டு நிதிநிலை அறிக்கையில் எண்ணப்படாத புதிய பணியொன்றிற்குச் செலவு நேரும்போதும் அரசு மீண்டும் சட்டமன்றத்தை நாடலாம் என்கிறது அவ்வுறுப்பு. ஆண்டின் இடையில் வரும் இக்கோரிக்கைகள் பெரும்பாலும் விவாதம் சிறிதுமின்றி நிறைவேறுகின்றன. கணக்கர்க்குரிய சடங்காகவே பலரும் இதனைக் கருதுவர். ஆயினும் 'போதாமை', 'புதிய பணி' என்னும் இவ்விரு சொற்களின் பொருள் யாது என்ற வினா ஒருகால் கல்கத்தா உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஒரு மாகாணத்தின் அமைச்சரவையே அதனால் வீழ்ந்தது. சட்டமன்றம் ஒருமுறை 'இல்லை' என்று சொன்னபின் அச்சொல் இறுதியானதா என்பதே அன்று எழுந்த வழக்கு. அவ்வரலாறு வங்காளத்தில் 1924ஆம் ஆண்டு நிகழ்ந்தது.

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சியைப் புகுத்தியது. காவல், நீதி, நிலவரி போன்றவை ஒதுக்கப்பட்ட துறைகளாக ஆளுநரிடமும் அவருடைய நிருவாகக் குழுவிடமும் இருந்தன. கல்வி, பொதுச் சுகாதாரம், தலத் தன்னாட்சி போன்றவை மாற்றப்பட்ட துறைகளாக அமைச்சர்களிடம் அளிக்கப்பட்டன. அச்சட்டத்தின் 72டி பிரிவு செலவினங்களை மானியக் கோரிக்கைகளாகச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்தது. மன்றம் கோரிக்கைக்கு இசையலாம், மறுக்கலாம், குறைக்கலாம்; கூட்ட இயலாது. மறுக்கப்பட்ட தொகை ஒதுக்கப்பட்ட துறையைச் சார்ந்ததாயின், தம் பொறுப்பை நிறைவேற்ற அச்செலவு இன்றியமையாதது என்று ஆளுநர் சான்றுரைத்து அதனை மீட்டுக்கொள்ளலாம். மாற்றப்பட்ட துறைகளுக்கு இவ்வழி இல்லை. நெருக்கடிக் காலத்தில் மாகாணத்தின் பாதுகாப்பிற்கோ ஒரு துறையை நடத்துவதற்கோ தேவையான செலவுக்கு ஆளுநர் அனுமதி தரலாம் என்னும் ஒரு விதிவிலக்கு மட்டுமே உண்டு.

இக்கட்டமைப்பில் மிக மெலிந்த இடம் அமைச்சரின் ஊதியமாகும். 52ஆம் பிரிவின்படி, மன்றம் வாக்களித்துக் குறைந்த தொகை எதையும் வகுக்காதவரை, நிருவாகக் குழு உறுப்பினருக்குரிய ஊதியத்தையே அமைச்சரும் பெறலாம். சான்றுரையால் மீட்க முடியாததும், அதே வேளையில் அரசமைப்பின் நடு ஆணியாக இருந்ததும் இந்த ஒரு செலவினமே. இரட்டை ஆட்சியை உள்ளிருந்தே செயலறச் செய்ய வேண்டும் என்று முனைந்தோர் கைவைக்க இதனினும் பொருத்தமான இடத்தைக் கண்டிருக்க முடியாது.

அம்முனைவிற்குத் தலைமை ஏற்றவர் சித்தரஞ்சன் தாஸ். ஒத்துழையாமை இயக்கம் ஓய்ந்தபின் சட்டமன்ற நுழைவை வற்புறுத்திச் சுயராஜ்யக் கட்சி 1923இல் தோன்றியது. அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் வங்காளத்தில் அக்கட்சி தனிப்பெருங் கட்சியாக வென்றது. முதல் அமைச்சரவையில் இடம்பெற்ற முதுபெருந் தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜி, அரசியலுக்குப் புதியவரான மருத்துவர் பிதான் சந்திர ராயிடம் தோற்றார். ஆளுநர் லிட்டன் பிரபு மாற்றப்பட்ட துறைகளின் பொறுப்பை ஏற்குமாறு தாஸை அழைத்தார். இரட்டை ஆட்சியை ஒழிக்க வந்தவர் அதன் அமைச்சராக இருத்தல் பொருந்தாது என்று தாஸ் மறுத்துவிட்டார். பின்னர் ஏ.கே. பஸ்லுல் ஹக், ஏ.கே. கஸ்னவி ஆகியோர் அமைச்சர்களாக விளங்கினர். மன்றத்தில் அவர்களுக்கு உறுதியான பெரும்பான்மை இல்லை. சுயராஜ்யக் கட்சிக்கும் தனித்த பெரும்பான்மை கிடையாது. கட்சி சாரா உறுப்பினர் சிலரின் துணையே அதனை வெற்றிக்கு அருகில் நிறுத்தியது.

1924 மார்ச்சு 24ஆம் நாள் அமைச்சர் ஊதியக் கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. 63க்கு 62 என்ற கணக்கில், ஒரே வாக்கு வேறுபாட்டில் அது மறுக்கப்பட்டது.

நடு மாகாணச் சட்டமன்றத்திலும் அதே ஆண்டு இவ்வகைப் போராட்டம் நடந்தது. சுயராஜ்யக் கட்சியினர் தெளிவான பெரும்பான்மை பெற்றிருந்த அம்மன்றம் அமைச்சரின் ஊதியத்தை ஆண்டுக்கு 2 ரூபாய் என்று வகுத்தது. இதனைக் கேலி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. மன்றம் 'குறைந்த தொகை' வகுக்காவிடில் முழு ஊதியம் உண்டு என்பதே 52ஆம் பிரிவின் வாசகம். முற்றிலும் மறுத்தால் அது குறைந்த தொகையை வகுத்ததாகுமா என்று வழக்காட இடமுண்டு. இரண்டு ரூபாய் என்று எழுதிவிட்டாலோ அவ்வழக்கிற்கு இடமில்லை. சட்டத்தின் எழுத்தை நன்கு அறிந்தோர் செய்த வேலையாகவே இது தோன்றுகிறது. வங்காளத்தார் அவ்வழியே செல்லாமல் முழுமையாக மறுத்தனர். பின்னர் எழுந்த சிக்கலுக்கு அம்மறுப்பே வாயிலாயிற்று.

ஊதியம் மறுக்கப்பட்ட அமைச்சர்கள் பதவி விலகவில்லை. ஒரு வாக்கில் இழந்ததை மீண்டும் ஒருமுறை கேட்டுப் பெறலாம் என்று மாகாண அரசு கருதியது. அதற்கு அது தேர்ந்த கருவியே துணை மானியக் கோரிக்கை. மார்ச்சில் மறுக்கப்பட்ட அதே ஊதியம், அதே அமைச்சர்களுக்காக, அதே நிதியாண்டிற்காகத் துணைக் கோரிக்கையாகச் சூலை மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றது.

சட்டமன்ற விதிகள் துணைக் கோரிக்கைக்கு இரண்டே சூழல்களை வகுத்திருந்தன. நிதிநிலை அறிக்கையில் வாக்களித்துத் தந்த மானியம் நடப்பாண்டின் தேவைக்குப் போதாதெனக் காணப்படுதல் ஒன்று. அறிக்கையில் எண்ணப்படாத புதிய பணிக்காக மன்றத்தின் வாக்கு தேவைப்படும் செலவு நேருதல் மற்றொன்று. 205ஆம் உறுப்பின் வாசகத்தை இதனோடு ஒப்பிட்டுக் காண்பார்க்கு இரண்டும் ஒரே குடும்பத்தின் சொற்கள் என்பது விளங்கும். அமைச்சர் ஊதியம் இவற்றுள் எதில் அடங்கும்? மன்றம் எதையும் தரவில்லையாதலால் தந்தது போதவில்லை என்று கூற முடியாது. மார்ச்சில் எண்ணி, கோரி, விவாதித்து மறுக்கப்பட்ட ஒன்று புதிய பணியும் ஆகாது.

இவ்வடிப்படையில் மன்ற உறுப்பினர்களான ஜே.எம். சென்குப்தாவும் குமார் சங்கர் ராய் சௌத்ரியும் கல்கத்தா உயர்நீதிமன்றத்தை அணுகினர். அவர்களுடைய வழக்கு மன்றத் தலைவர் ஹெச்.இ.ஏ. காட்டனுக்கு எதிரானது. காட்டன் கல்கத்தா நகரத்தின் பழைமையை ஆராய்ந்து நூல் எழுதியவர். 1904இல் பம்பாய்க் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சர் ஹென்றி காட்டனின் மகன். தேசியவாதிகளின் தடையாணைக்கு இத்தகையவர் இலக்கானது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. நீதிபதி சாரு சந்திர கோஷ் உறுப்பினர் தரப்பை ஏற்றார். அக்கோரிக்கையை மன்றத்தின் முன் வைக்கலாகாது என்று தலைவருக்குத் தடையாணை பிறந்தது. சட்டமன்றத் தலைவர் ஒருவரை, அவர் மன்றத்தில் எதனை வாக்குக்கு விடலாம் என்பது குறித்து ஒரு நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது அக்காலத்தில் பெரும் வியப்பை விளைத்தது.

தீர்ப்பின் இரு கூறுகளைப் பிரித்து நோக்குதல் வேண்டும். விதிக்கு நீதிபதி கொண்ட பொருள் சரியானது என்பதில் ஐயமில்லை. 'போதாமை' என்ற சொல்லை 'இன்மை' என்று விரிக்க மொழி இடந்தரவில்லை. ஆனால் மன்றத்தின் உள்நடவடிக்கையில் நீதிமன்றம் நுழையலாமா என்பது வேறு வினா. அன்றைய சட்டமன்றம் இறைமை பெற்ற மன்றம் அன்று. ஒரு சட்டத்தாலும் அச்சட்டத்தின்கீழ் இயற்றிய விதிகளாலும் ஆக்கப்பட்டது. ஆகவே விதியை மீறுவதை நீதிமன்றம் தடுத்ததில் அக்கால நிலைக்கேற்ற நியாயம் இருந்தது. மன்றத்தின் சுதந்திரத்தைக் காக்க முனைந்த தேசியவாதிகளே நீதிமன்றத்தின் தலையீட்டை வரவேற்க நேர்ந்தது என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. பின்னாளில் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87ஆம் பிரிவும், அதன் வழியில் அரசியலமைப்பின் 212ஆம் உறுப்பும், நடைமுறைக் குறைபாட்டைக் காரணமாகக் காட்டிச் சட்டமன்ற நடவடிக்கைகளை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்குவதைத் தடுத்தன.

அரசு இத்தடையை எதிர்கொண்ட முறை எளிதானது. வாதத்தில் வெல்வதைவிட விதியை மாற்றுவது விரைவானது என்று அது கண்டது. மன்றம் முன்னர் மறுத்த அல்லது குறைத்த கோரிக்கைக்கும் மீண்டும் மதிப்பீடு வைக்கலாம் என்னும் கருத்துப்படச் சட்டமன்ற விதி திருத்தப்பட்டது. உறுப்பினர்கள் செய்த திருத்தமாக இஃது அமையவில்லை; மன்றத்துக்கு மேலிருந்தோர் அதன் விதியைத் திருத்தினர். இத்திருத்தத்தின் பயன் மிகப் பெரிது. மறுப்பு என்பது ஆண்டு முழுமைக்குமான முடிவு என்னும் நிலை மாறி, அடுத்த வாக்கெடுப்பு வரையிலான ஒத்திவைப்பாக அது சுருங்கியது. வாக்குகளைத் தேடிச் சேர்க்க அரசுக்குக் காலம் கிடைத்தது. ஒவ்வொரு கோரிக்கையையும் மன்றம் மறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அரசு ஒருமுறை வென்றால் போதும்.

1924 ஆகத்து 26ஆம் நாள் மன்றம் மீண்டும் கூடியது. திருத்திய விதியின்படித் துணைக் கோரிக்கை முறையாக முன்வைக்கப்பட்டது. வாக்கெடுப்பில் ஆதரவு 66, எதிர்ப்பு 68. மார்ச்சு மாத எண்களோடு இதனை வைத்து நோக்கின், இருதரப்பும் தம் ஆட்களை எவ்வளவு கருத்தாகத் திரட்டின என்பது புலனாகும். வாக்களித்தோர் 125இலிருந்து 134ஆக உயர்ந்தனர். கூடிய ஒன்பதில் நான்கு அரசுக்கும் ஐந்து எதிர்த்தரப்புக்கும் சென்றன. ஏறத்தாழ 140 பேர் கொண்ட அவையில் வராதவர் மிகச் சிலரே. விதி திருத்தம், ஐந்து மாத இடைவெளி, அரசின் செல்வாக்கு ஆகிய அனைத்திற்கும் பின்னர் வேறுபாடு ஒன்றிலிருந்து இரண்டாக வளர்ந்ததே மிச்சம்.

அமைச்சர்கள் பதவி விலகினர். மாற்றப்பட்ட துறைகளின் நிருவாகத்தை ஆளுநர் ஏற்றுக்கொண்டார். 1925 மார்ச்சு 23ஆம் நாள் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மீண்டும் வந்த ஊதியக் கோரிக்கை 69க்கு 63 என்ற கணக்கில் தோற்றது. அவ்வாண்டு சூன் மாதத்தில் வங்காளத்தில் துறைகளின் மாற்றமே நிறுத்திவைக்கப்பட்டது. அந்நிலை 1927 தொடக்கம் வரை நீடித்தது. அதே சூன் 16ஆம் நாள் தாஸ் டார்ஜிலிங்கில் மறைந்தார்.

வெற்றி என்று இதனைச் சொல்வதா? இரட்டை ஆட்சி இயங்காது என்று மெய்ப்பிப்பதே நோக்கமாயின், அது நிறைவேறியது. ஆயின் கல்வியும் சுகாதாரமும் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் கையிலிருந்து, குறையுடையதாயினும் அக்கையிலிருந்து, ஆளுநரிடம் சென்றன. சென்னை மாகாணத்தில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு 1923 நவம்பரில் பனகல் அரசரின் அமைச்சரவைமீது சி.ஆர். ரெட்டி கொணர்ந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 44க்கு 65 என்று தோற்றது. அமைச்சரவையை மாற்ற விழைந்தோர் அங்கு நம்பிக்கையைக் கேட்டனர். அமைச்சர் பதவியையே பொருளற்றதாக்க விழைந்தோர் இங்கு ஊதியத்தை மறுத்தனர். கருவிகள் வேறானமைக்கு நோக்கத்தின் வேறுபாடே காரணம். இரட்டை ஆட்சியின் குறைகளை ஆராய 1924இல் அமைக்கப்பட்ட முடிமன் குழுவில், சாப்ரு, ஜின்னா, பராஞ்சபே ஆகியோருடன் தமிழகத்தின் பி.எஸ். சிவசாமி ஐயரும் சிறுபான்மை அறிக்கையில் கையொப்பமிட்டார். குறை நடைமுறையில் அன்று, அமைப்பிலேயே உள்ளது என்பது அவ்வறிக்கையின் நிலைப்பாடு.

வங்காள நிகழ்ச்சியின் தடம் பிந்திய சட்டங்களின் வாசகத்தில் தெளிவாகத் தெரிகிறது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண அமைச்சர்களின் ஊதியத்தை மாகாண வருவாயின் மீது நேரே சுமத்தப்பட்ட, வாக்கெடுப்புக்கு உட்படாத செலவுகளின் பட்டியலில் சேர்த்தது. பதவிக் காலத்தில் அதனை மாற்றலாகாது என்றும் விதித்தது. சித்தரஞ்சன் தாஸ் கைவைத்த ஆணி இவ்வாறு எட்டாத இடத்திற்கு உயர்த்தப்பட்டது. துணை மதிப்பீட்டைக் குறித்த அதன் 81ஆம் பிரிவோ, ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டதற்கு மேல் செலவு தேவையானால் போதும் என்று விரிந்த சொல்லாட்சியைக் கொண்டது. போதாமை, புதிய பணி என்னும் வரையறைகள் அதில் இல்லை.

1950இல் இரண்டும் மாறின. வாக்கெடுப்புக்கு உட்படாத செலவுகளை வகுக்கும் 202ஆம் உறுப்பின் பட்டியலில் ஆளுநர், பேரவைத் தலைவர், உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோரின் ஊதியங்கள் உள்ளன. அமைச்சரின் ஊதியம் இல்லை. 203ஆம் உறுப்பு இசைதல், மறுத்தல், குறைத்தல் என்னும் பழைய மூன்று உரிமைகளை அப்படியே வைத்துக்கொண்டது. கோரிக்கைகள் நிறைவேறியபின் வரும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவில் தொகையையோ அதன் நோக்கத்தையோ மாற்றும் திருத்தத்தை 204ஆம் உறுப்பு ஏற்பதில்லை. ஆகவே உறுப்பினர் எதையேனும் குறைக்க வேண்டுமாயின் கோரிக்கை நிலையிலேயே செய்தாக வேண்டும். துணைக் கோரிக்கைக்கும் இதுவே விதி. அதனை வரையறுக்கும் 205ஆம் உறுப்பு 1935ஆம் ஆண்டின் விரிந்த சொல்லாட்சியைக் கைவிட்டு, சென்குப்தா வழக்கில் பொருள் காணப்பட்ட பழைய விதியின் இரு சொற்களுக்கே திரும்பியது. 1924இல் அரசு சேர்த்துக்கொண்ட மூன்றாவது வாயில், அதாவது முன்னர் மறுக்கப்பட்ட கோரிக்கையை மீண்டும் கொணரலாம் என்னும் கூறு, அவ்வுறுப்பில் இடம்பெறவில்லை.