கட்டுத்தறியும் கழல்கொக்கியும்

கடல் வாணிகத்தைப் பற்றிப் பேசப் புகும் நம்மவர் பட்டினப்பாலையைத் தொடாமல் மேற்செல்வதில்லை. நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். புகார்த் துறையில் அலைமீது அசைந்த நாவாய்களைக் கண்ட கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு, கட்டுத்தறியை அசைக்கும் களிறுகள் நினைவுக்கு வந்தன. உப்பை விற்று நெல்லொடு திரும்பிய படகுகளோ, இலாயத்துக் குதிரைகளைப்போல் வரிசையாகப் பிணிக்கப்பட்டு நின்றன. இவை வெறும் கற்பனை உவமைகள் அல்ல. பூம்புகாரையடுத்த கீழையூரில் 1962-63ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில், செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், படகுகளைக் கட்டுவதற்கு ஊன்றிய மரத்தூண்களும் வெளிப்பட்டன. முசிறி எனப் பலரும் கருதும் கேரளத்துப் பட்டணத்தில், 2007இல் ஒரு தோணியும் தேக்குமரக் கட்டுத்தறிகளும் கிடைத்தன.

கட்டுவதற்கு இத்தனை அழகிய உவமை தேடிய புலவர், அவிழ்ப்பதற்கு ஒன்றும் தேடவில்லை. தேட வேண்டிய தேவையும் அன்று இல்லை. கலம் சிறியது, கயிறு ஒருவன் கைக்கு அடங்குவது. கலம் பெருத்த பின்னரே, கட்டியதை நினைத்தபோது அவிழ்க்க முடியாத நிலை வந்தது.

சென்னையின் பழைய வரலாறே இதற்குச் சான்று. அங்கே நெடுங்காலம் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளில் சரக்கும் மக்களும் கரையேறினர். புயல் எழுந்தால் நங்கூரத்தைத் தூக்கப் பொழுதிராது. வடத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதே வழி. 1746 அக்டோபரில், சென்னையைக் கைப்பற்றியிருந்த பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொன்னேயின் கப்பற்படை, புயலில் சிக்கிச் சிதைந்தது. பின்னர்த் துறைமுகம் கட்டத் தொடங்கியபோதும், 1881ஆம் ஆண்டுப் புயல் அதன் சுவர்களைத் தகர்த்தது.

ஆனால், புயல் வானத்தில் குறி காட்டி வரும். தீ அப்படி வருவதில்லை. அதற்கு நம் மராட்டிய மாநிலத்திலேயே கொடிய சான்று உண்டு. 1944 ஏப்ரல் 12ஆம் நாள், 'போர்ட் ஸ்டிக்கீன்' என்ற கப்பல் பம்பாய் விக்டோரியா டாக்கில் வந்து கட்டியது. உள்ளே ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள். அதனுடன் பருத்திப் பொதிகளும் தங்கக் கட்டிகளும். 14ஆம் நாள் பிற்பகல் பருத்தியில் தீ தெரிந்தது. தீயணைப்போர் நீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தனர். கப்பலை வெளியே இழுத்துச் செல்வதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்னும் வாதம் முடிவின்றி நீண்டது. மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்துக்குள் மீண்டும் ஒரு பெருவெடிப்பு. அருகே நின்ற 'ஜலபத்மா' என்னும் கப்பல் துறைமேடைமீதே தூக்கி எறியப்பட்டது. மாண்டோர் தொகை 800 என்பாரும் 1,300 என்பாரும் உளர். அவர்களுள் 66 பேர் தீயணைப்புப் படையினர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அவர்களுக்குரிய நினைவு நாளாக இந்நாடெங்கும் போற்றப்படுகிறது.

கட்டு விரைவில் கழன்றிருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என்று நாம் வாதிட வரவில்லை. முடிவெடுப்பார் இல்லாத இடத்தில் எந்தக் கொக்கியும் உதவாது. ஆயினும், ஆபத்துக்குரிய கப்பலைக் கரையிலிருந்து நொடியில் பிரிக்க வேண்டும் என்னும் தேவையை அந்நாள் வெட்டவெளிச்சமாக்கியது. மூன்றாண்டு கழித்து 1947 ஏப்ரலில், அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் 'கிராண்ட்கேம்ப்' வெடித்தபோது, 'ஹை பிளையர்' என்ற மற்றொரு கப்பலிலும் தீப்பற்றியது. இழுவைப் படகுகள் எவ்வளவோ முயன்றும் அதனை வெளியேற்ற இயலவில்லை. மறுநாள் விடியுமுன் அதுவும் வெடித்தது.

துறைமேடையில் ஊன்றிய இரும்புத் தறியைத் துறைமுகத் தொழிலாளர் 'பொல்லார்டு' என்பர். வடத்தின் நுனியிலுள்ள கண்ணியை அதில் மாட்டுவர். கப்பல் தன் வடத்தைத் தளர்த்தினாலன்றிக் கண்ணியை எடுக்க முடியாது. காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளும்போது வடத்தில் பல டன் இழுவிசை ஏறிவிடும். பத்துப்பேர் கூடினாலும் கண்ணி அசையாது. எஞ்சுவது கோடரி. விறைத்த வடம் அறுந்தாலோ பாம்பெனச் சீறிப் பின்னோக்கி அடிக்கும்; அதனால் காலிழந்தோரும் உயிரிழந்தோரும் உலகத் துறைமுகங்கள் எங்கும் உண்டு.

இதற்குக் கண்ட மாற்றே 'விரைவில் கழலும் கொக்கி'. தறிக்குப் பதிலாக ஒரு கொக்கி; அதன் வால்பகுதியைப் பிடித்து நிறுத்த ஒரு தாழ். நெம்புகோல்கள் படிப்படியாகச் சுமையைக் குறைத்துக்கொண்டு வருவதால், 100 டன் இழுவிசை தாங்கும் கொக்கியையும் ஒருவர் தம் கையாலேயே விடுவிக்கலாம். தாழ் நீங்கியதும் கொக்கி குப்புறச் சாயும். கண்ணி தானே நழுவிக் கடலில் விழும். ஒரே அடித்தளத்தில் இரண்டு, மூன்று, நான்கு கொக்கிகளும் அமைவதுண்டு. கட்டும் வேளையில் கனத்த வடத்தைக் கரைக்கு இழுக்க, மின்னாற் சுழலும் உருளையும் உடன் இருக்கும். இக்காலத்தில் சில துறைகளில் ஒவ்வொரு வடத்தின் இழுவிசையையும் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே கண்டு, அங்கிருந்தே விடுவிக்கவும் செய்கின்றனர். சீறும் வடத்தருகே எவரும் நிற்க வேண்டுவதில்லை.

எண்ணெய்க் கப்பலும் எரிவாயுக் கப்பலும் வந்து கட்டும் துறைகளில் இக்கருவி இன்றியமையாதது. திரவ எரிவாயுவுக்கென 2004இல் குஜராத்தின் தஹேஜும், 2019இல் நம் எண்ணூரும் செயற்படத் தொடங்கின. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை சென்னைத் துறைமுகத்துள் புகுந்து, கப்பல்களின் வடங்களை அறுத்து எறிந்ததைத் தமிழர் எவரும் மறந்திரார். கொக்கி கழலும் விரைவு மட்டுமன்றி, வடம் எவ்வளவு தாங்கும் என்னும் கணக்கும் தேவை என்பதை அது காட்டிற்று.

அக்கணக்கைப் போடும் இடமொன்று, கடலே காணாத நம் பூனாவின் அருகில்தான் இருக்கிறது. 1916இல் தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் கடக்வாஸ்லாவில் உள்ளது. அங்குள்ள தொட்டிகளில் துறைமுகங்களைச் சிறு மாதிரிகளாக அமைத்து, செயற்கை அலைகளை எழுப்பி ஆராய்கின்றனர். கேம்ப் வாழ் நம் குடும்பத்தினர் ஞாயிறுதோறும் அணையைக் காணச் செல்லும் சாலையிலேயே அந்நிலையம் இருக்கிறது.