விருப்பப் பொத்தானுக்கு முந்தைய காலம்

மாணவர்கள் இணையச் சமூக வலைத்தளங்களைச் சார்ந்து வாழ்வதற்குத் திறன்பேசியையும் ‘லைக்’ பொத்தானையும் காரணமாகக் காட்டுவது இன்று பொதுவழக்காகிவிட்டது. ஆனால் ஐஃபோன் விற்பனைக்கு வந்தது 2007இல், ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் இடம்பெற்றது 2009இல். இவ்விரண்டும் வருமுன்பே அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் அந்தச் சார்பு வேர்விட்டிருந்ததால், அதன் காரணத்தைக் கருவிக்கு அப்பாலும் தேட வேண்டியிருக்கிறது.

இதன் முன்வரலாறு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்தில் தொடங்குகிறது. அங்கு டொனால்ட் பிட்சர் 1960இல் தொடங்கிய ‘பிளேட்டோ’, கணினி வழியே பாடம் நடத்துவதற்கென்றே உருவான அமைப்பு. அரட்டைக்கு அதன் திட்டத்தில் இடமே இல்லை. 1973இல் டேவிட் வூல்லி என்னும் 17 வயது மாணவர் பிழைகளைத் தெரிவிப்பதற்காக எழுதிய ‘நோட்ஸ்’ என்னும் நிரல், விரைவிலேயே எதைப் பற்றியும் பேசும் பொது மன்றமாக மாறியது. அதே ஆண்டில் வந்த ‘டாக்கோமேட்டிக்’ என்னும் அரட்டை நிரலில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் திரை ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்க, ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கணமே மற்றவர் கண்ணுக்குத் தெரிந்தது, தயங்கி நிறுத்துவதையும் எழுதியதை அழிப்பதையும்கூட மறைக்க வழியில்லை. விளம்பரமோ பாராட்டுக் குறியோ எதுவுமில்லாத அந்தத் திரையின் முன் இரவெல்லாம் விழித்திருந்து படிப்பைக் கோட்டைவிட்ட மாணவர்களும் உண்டு.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஹார்வர்டில் 2004 பிப்ரவரி 4 அன்று மார்க் சக்கர்பெர்க் தொடங்கிய ஃபேஸ்புக் தளம், விடுதி இல்லங்களில் ஏற்கெனவே புழங்கிவந்த அச்சிட்ட படத் தொகுப்பேடுகளை ஒட்டியே அமைந்தது. ஹார்வர்ட் மின்னஞ்சல் முகவரி உள்ளவர்கள் மட்டுமே சேர முடிந்த அத்தளத்தில் ஒரு மாதத்துக்குள் இளங்கலை மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இணைந்தனர். மார்ச்சில் கொலம்பியா, ஸ்டான்ஃபோர்ட், யேல் ஆகியவற்றுக்கும் அது பரவியது. படம், விடுதி, எடுத்திருக்கும் பாடங்கள், காதல் உறவின் நிலை, நண்பர்களின் எண்ணிக்கை என்று ஒரே பக்கத்தில் விரிந்தவை, வகுப்பில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரைப் பற்றியவை என்பதே அதன் ஈர்ப்பு.

இந்த ஈர்ப்பை விளக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் முன்வைத்த ‘சமூக ஒப்பீடு’ என்னும் கோட்பாடு உதவுகிறது. தம் திறனையும் கருத்தையும் அளக்கப் புறவயமான அளவுகோல் கிடைக்காதபோது மனிதர்கள் பிறரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்பதும், வெகுதொலைவில் இருப்பவரைவிடத் தம்மை ஒத்தவரையே அதற்குத் தேர்கிறார்கள் என்பதும் அதன் சாரம். ஒத்த வயதினர் மட்டுமே கூடியிருந்த, வெளியார் நுழைய முடியாத ஒரு கல்லூரி வலைத்தளத்தைவிட அத்தகைய ஒப்பீட்டுக்கு வாய்ப்பான களம் அமைவது அரிது. தோல்வியையும் தனிமையையும் எவரும் அங்கே பதிவிடுவதில்லை என்பதால் ஒப்பீடு தொடக்கத்திலேயே ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நிக்கோல் எலிசனும் இரு சக ஆய்வாளர்களும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 286 இளங்கலை மாணவர்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஃபேஸ்புக் பயன்பாட்டுக்கும் ‘சமூக மூலதனம்’ எனப்படும், பிறரோடு கொண்ட உறவால் ஒருவருக்குக் கிடைக்கும் நன்மைகளின் தொகுப்புக்கும் தொடர்பிருப்பதைக் காட்டியதுடன், தன்மதிப்பு குறைந்த மாணவர்களுக்கே அதனால் கூடுதல் பயன் கிடைத்திருக்கலாம் என்றும் கூறியது. உதவி யாருக்கு மிகுதியாகத் தேவைப்பட்டதோ அவரே மிகுதியாகச் சார்ந்திருக்க நேர்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறாகாது.

2006 செப்டம்பரில் ‘நியூஸ் ஃபீட்’ என்னும் செய்தி ஓடை வந்தது. அதுவரை ஒவ்வொருவரின் பக்கமாகத் தேடிச் சென்று பார்க்க வேண்டியிருந்த மாற்றங்கள் இப்போது தாமாகவே வந்து குவிந்தன. அதை எதிர்த்து மாணவர்கள் தொடங்கிய குழுவில் சில நாட்களிலேயே பல லட்சம் பேர் சேர்ந்தனர். அந்த எதிர்ப்புச் செய்தியைப் பரப்பியதும் அதே ஓடைதான் என்பது வேடிக்கை. எத்தனையாவது முயற்சிக்குப் பலன் கிட்டும் என்று தெரியாதபோது ஒரு செயல் எளிதில் கைவிடப்படுவதில்லை என்று உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு காட்டிய விதி, அடுத்து என்ன வரும் என்று அறியாமல் ஓடையைத் திறந்து பார்க்கும் பழக்கத்துக்கும் பொருந்துகிறது.

ஃபேஸ்புக் கல்லூரிகளுக்கு ஒரே நாளில் அல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்ததைப் பயன்படுத்தி, 775 கல்லூரிகளின் மாணவர் உடல்நலத் தரவுகளை ஆராய்ந்த லூக்கா பிரகியேரி, ரோயி லெவி, அலெக்சே மகாரின் ஆகியோர் 2022இல் வெளியிட்ட முடிவு, தளம் வந்தபின் மாணவர்களின் மனநலம் குன்றியதைக் காட்டியது. வேலையிழப்பு மனநலத்துக்கு இழைக்கும் தீங்கில் ஏறத்தாழ 22 விழுக்காட்டுக்கு அது ஈடாகும் என்பது அவர்களின் மதிப்பீடு. லைக் பொத்தான் தோன்றாத காலத்துக்குரிய அத்தரவுகளில், பாதகமான ஒப்பீட்டுக்கு எளிதில் ஆளாகக்கூடிய மாணவர்களிடமே தீங்கு மிகுதியாகத் தென்பட்டது. ஒப்பீட்டின் பங்கை அதே ஆய்வின் இன்னொரு முடிவும் காட்டியது: மாணவர்கள் மது அருந்தும் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சக மாணவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று அவர்கள் போட்ட கணக்குதான், குறிப்பாக வளாகத்துக்கு வெளியே குடியிருந்தவர்களிடம், உயர்ந்திருந்தது.