சனா இலையின் கடல்வழி

நாட்டு மருந்துக் கடைகளில் பேதிக்காக விற்கப்படும் ஓர் இலைக்குப் பெயர்கள் பல. ஹகீம்கள் அதனைச் 'சனா மக்கீ' என்பர். சித்த மருத்துவர் 'சூரத்து நிலாவிரை' என்பர். ஐரோப்பிய மருந்து நூல்கள் 'திருநெல்வேலிச் சென்னா' என எழுதின. இப்பெயர்களை வரிசையாக வைத்து நோக்கின், ஒரு கடல் வாணிபத்தின் வரலாறே புலப்படும்.

சனா, அவரைக் குடும்பத்தைச் சார்ந்த குறுஞ்செடி. மழை குன்றிய வெப்ப நிலங்களில் மஞ்சள் மலர்களோடு தழைப்பது. அரபு நாடும் சூடானும் அதன் தாயகங்கள். அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் முன்னர் 'சுப்ரும்' என்னும் கடுமையான மூலிகையைப் பேதிக்குப் பயன்படுத்தி, பின்னர் சனாவுக்கு மாறிய செய்தி திர்மிதி, இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது.

கிரேக்க மருத்துவர் தம் நூல்களில் இடம்பெறாத இம்மூலிகையை ஐரோப்பாவுக்கு அறிவித்தவர்கள் அரபு மருத்துவர்களே. நூபியாவில் பறித்த இலை நைல் நதி வழியே வந்து, இஸ்கந்தரிய்யாவில் கப்பலேறியது. ஐரோப்பியரோ அதனை 'அலெக்சாந்திரியச் சென்னா' என்றனர். விளைந்த மண்ணின் பெயர் மறைந்து, விற்ற துறையின் பெயர் நிலைத்தது! சூரத்தும் அத்தகையதே; முகலாயர் காலத்தில் ஹஜ்ஜுக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம் அது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்னும் ஆங்கிலேயர் திருநெல்வேலியில் இதனைப் பயிரிடச் செய்தார். நெல்லையின் வறண்ட நிலம் அதற்கு ஏற்றதாயிற்று. உழவர் கையால் பறித்து உலர்த்திய இலை, தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்தது. இம்முறை பெயர் பெற்றது விளைந்த மண்ணே.

1941இல் ஸ்டோல் என்னும் சுவிஸ் அறிஞர் இலையின் செயற்பொருளான சென்னோசைடுகளைப் பிரித்தெடுத்தார். இன்று அது மாத்திரையாக வருகிறது. அம்மாத்திரையில் மக்காவும் இல்லை, நெல்லையும் இல்லை. அரபு மருத்துவரின் அறிவும் தமிழ் உழவரின் உழைப்பும் பழம்பெயர்களிலேயே எஞ்சியுள்ளன.

அவற்றுள் 'நிலாவிரை' என்னும் பெயர் தனிச்சிறப்புடையது. குறிஞ்சிப்பாட்டு குறிப்பிடும் ஆவிரை நம் வறள்நிலத்துச் செடி. அயல்நாட்டுச் சனாவில் நம் முன்னோர் அதன் சாயலைக் கண்டனர். இரண்டும் ஒரே பேரினம் என்பதே இன்றைய தாவரவியலின் முடிவுமாகும். கடல் கடந்து வந்த செடியை அயலாகக் கருதாது, உறவுப் பெயரிட்டு அழைத்தது தமிழ். அப்பெயரையேனும் நாம் மறவாதிருப்போமாக!