மரம் கல்லான கணக்கு

பௌர்ணமி அன்று திருவக்கரைக்குப் போகிற பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். வக்கிரகாளியம்மனுக்கு அப்படி ஒரு கூட்டம். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என்று மூன்று பக்கமிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். எலுமிச்சம்பழ மாலையைச் சாத்திக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தக் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, செம்மண் மேட்டில் இன்னொரு கூட்டம் படுத்துக் கிடக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. சுமார் இருநூறு மரங்கள். கண்ணுக்கு மரம்தான். நார் நாராக ஓடும் கோடுகள், கணுக்கள், வெட்டுமுகம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தட்டிப் பார்த்தால் கல். இவை மரமாக இருந்தது சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால்.

தேசிய கல்மரப் பூங்கா என்று பெயர். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் இடம். மொத்தப் பரப்பு 247 ஏக்கர். ஒன்பது பகுதிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஜனங்கள் பார்க்கத் திறந்திருப்பது அதில் ஒரு துண்டுதான்.

இந்தக் கற்களுக்கு ஊரில் ஒரு கதை உண்டு. வக்கிராசுரன் என்ற அசுரன் வதம் செய்யப்பட்டபோது சிதறிய எலும்புகள்தான் இவை. மண் சிவப்பாக இருப்பது அவன் ரத்தத்தால். கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இவை சாதாரணக் கற்கள் இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றின் மிச்சம் என்பதை நம்ம ஊர்க்காரர்கள் விஞ்ஞானிகள் வருவதற்கு முன்பே பார்த்துப் புரிந்துகொண்டார்கள். பாதி விடை அது. மீதி விடைக்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள்.

முதலில் வந்தவர் பிரெஞ்சுக்காரர். பியர் சொன்னரா. செடி, பறவை, மீன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து எழுதிவைத்த ஆசாமி. நம் காட்டுக்கோழி ஒன்றுக்கு விஞ்ஞானப் பெயரில் இவர் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருவக்கரை கல்மரங்களைப் பற்றிய முதல் ஐரோப்பியக் குறிப்பு 1781-ம் வருஷம் இவர் எழுதியது என்கிறார்கள். அப்போது தமிழ்நாட்டில் ஹைதர் அலியும் கிழக்கிந்தியக் கம்பெனியும் மோதிக்கொண்டிருந்தார்கள். ஊரே பற்றி எரிந்த நேரத்தில் ஒருவர் கல்லைக் குனிந்து பார்த்திருக்கிறார்!

அடுத்து 1855. இடம் ஜெர்மனி. ஷ்மிட், ஷ்லைடன் என்று இரண்டு பேர் இந்தப் பகுதிக் கல்மரத்தை ஆராய்ந்து அதற்கு ஒரு விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். ஷ்லைடன் என்றதும் பள்ளிக்கூட பயாலஜி ஞாபகம் வரவேண்டும். தாவரங்கள் எல்லாமே செல்களால் ஆனவை என்று 1838-ல் சொன்ன அதே மனிதர். அவர் எதற்குக் கல்லைக் கையில் எடுத்தார்? காரணம் இருக்கிறது. இந்தக் கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மரத்தின் செல்கள் வரிசை வரிசையாகத் தெரியும். அதை வைத்தே இது எந்தக் குடும்பத்து மரம் என்று சொல்லிவிடலாம்.

மரம் எப்படிக் கல்லாகும்? பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டபுள் என்ட்ரி கணக்குதான்.

ஒரு மரம் விழுந்தால் சாதாரணமாக என்ன ஆகும்? கரையான், பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் சேர்ந்து சில வருஷத்தில் கணக்கை முடித்துவிடும். ஆனால் விழுந்த மரத்தை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய், மணலுக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டால்? அங்கே காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் அழுகுவது ரொம்ப மெதுவாகிவிடும். நிலத்தடி நீர் மட்டும் போய்வந்துகொண்டிருக்கும். அந்த நீரில் சிலிக்கா கரைந்திருக்கும். மணலில் இருக்கிற அதே சிலிக்காதான். அது மரத்தின் செல்லுக்குள் நுழைந்து படிகிறது. உள்ளே இருக்கும் வெற்றிடத்தை முதலில் நிரப்புகிறது. பிறகு மரச்சத்து கொஞ்சம் வெளியேற, அந்த இடத்தில் சிலிக்கா கொஞ்சம் உட்காருகிறது. மரம் பற்று, கல் வரவு. இப்படி லட்சக்கணக்கான வருஷம் நடந்த பிறகு ஐந்தொகை எடுத்துப் பார்த்தால், வடிவம் மட்டும் பழைய முதலாளியுடையது. சரக்கு முழுக்கப் புதுசு.

இவை இங்கேயே முளைத்த மரங்கள் இல்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இருநூறு மரங்களில் கிளையோ வேரோ பட்டையோ இல்லை. வெறும் அடிமரங்கள். வெகுதூரம் வெள்ளத்தில் உருண்டு வந்தால்தான் இப்படி மொட்டையாகும். அப்புறம், குளிர்நாட்டு மரங்களில் வருஷத்துக்கு ஒன்றாகத் தெளிவான வளையம் விழும். இவற்றில் அது சரியாகத் தெரிவதில்லை. ஆகவே இவை வருஷம் முழுக்க வெதுவெதுப்பான பிரதேசத்து மரங்கள்.

என்ன மரங்கள்? ஷ்லைடன் பார்த்தது ஊசியிலை மர வகை. அதை 1931-ல் மறுபடி ஆராய்ந்து பெயரைத் திருத்தியவர் பீர்பல் சாஹ்னி. லக்னோவில் அவர் பெயரில் இன்றும் தொல்தாவரவியல் நிறுவனம் இருக்கிறது. 1950-களில் சி.ஜி.கே. ராமானுஜம் என்ற ஆய்வாளர் தென்னாற்காட்டுக் கல்மரங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணத் தொடங்கினார். (விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாம் ‘தென்னாற்காடு’ என்றுதான் தேடவேண்டும்.) புளிய மரத்தின் பங்காளிகள், மருத மரத்தின் பங்காளிகள் எல்லாம் கிடைத்தன. இவற்றோடு குங்கிலிய மரக் குடும்பமும் வந்து நின்றது. இதுதான் ஆச்சரியம். குங்கிலியக் குடும்பத்தின் பெரிய மரங்களை இன்றைக்குத் தென்னிந்தியாவில் பார்க்க வேண்டுமானால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்குப் போகவேண்டும். வேலிக்காத்தான் முள்ளும் பனையும் நிற்கிற இந்தப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் அப்படி ஒரு ஈரக்காடு இருந்திருக்கிறது.

சரி, இரண்டு கோடி வருஷம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? உடனே ‘கார்பன் டேட்டிங்’ என்பீர்கள். அது இங்கே உதவாது. கார்பன் முறை சுமார் 50,000 வருஷம் வரைதான் பேசும். இங்கே உதவுவது பழைய பேப்பர் கட்டு. வீட்டில் தினம் பேப்பர் படித்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. யாரும் கலைக்காத வரைக்கும் தேதியே பார்க்க வேண்டாம். மண் அடுக்குகளும் அப்படித்தான். கல்மரங்கள் கிடக்கும் அடுக்குக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். அதற்கு மேலே என்ன, கீழே என்ன, ஒவ்வொன்றிலும் என்ன உயிரின் மிச்சம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய கணக்கு இது.

கோடி வருஷம் என்றால் மனசில் நிற்காது. ரூபாயில் சொல்கிறேன். ஒரு வருஷத்துக்கு ஒரு பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயது வாழ்ந்த மனிதனின் மொத்த ஆயுள் 70 பைசா. செம்பியன் மாதேவி திருவக்கரைக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்து ஏறக்குறைய பத்து ரூபாய் ஆகிறது. மனித இனம் தோன்றி 3,000 ரூபாய். கல்மரங்கள் இரண்டு லட்சம். டைனோசர்கள் அழிந்தது ஆறு லட்சத்து அறுபதாயிரம். பூமியின் வயது நாலரைக் கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

இந்தக் கணக்குப் புத்தகத்தின் பல பக்கங்களை ஒரே மாவட்டத்தில் பார்க்கலாம் என்பதுதான் விழுப்புரத்தின் விசேஷம்.

செஞ்சிக் கோட்டையைத் தாங்கி நிற்கிற பாறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு இறுகிப் பிறந்தவை. சுமார் 250 கோடி வருஷம். நம் கணக்கில் இரண்டரைக் கோடி ரூபாய். பல்லவ மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைந்தானே, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்தது என்று கல்வெட்டில் பெருமை அடித்துக்கொண்டானே, அதற்குக் கைகொடுத்ததும் இந்த மாதிரிப் பழங்காலப் பாறைதான். உளிக்கு லேசில் மசியாது. மசிந்தால் ஆயிரம் வருஷம் நிற்கும்.

அங்கிருந்து கிழக்கே வாருங்கள். வழுதாவூர். பார்த்தால் சாதாரணக் கிராமம். உலகம் முழுக்க நிலவியல் புத்தகங்களில் இந்த ஊர்ப் பெயர் உண்டு. இங்கே இருக்கும் ஒரு பாறை அடுக்குக்கே ‘வழுதாவூர் படிவம்’ என்று பெயர். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கத்தில் கல்லான சங்கு, சிப்பிகளைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். அத்தனையும் கடல் பிராணிகள். அம்மோனைட் என்ற சுருள்சங்குப் பிராணியும் அதில் உண்டு. டைனோசர்களோடு சேர்ந்து உலகத்தை விட்டே போனது அது. அதாவது, அன்றைக்கு வழுதாவூர் கடலுக்கு அடியில் இருந்தது.

பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு வந்தார். நிலவியல் ஆய்வுத் துறைக்காகத் தென்னாற்காட்டையும் திருச்சி ஜில்லாவையும் சுற்றி வரைபடம் போட்டார். அறிக்கை 1862-ல் வந்தது. இதே மனிதர்தான் 1875-ல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர். இமயமலைப் பனியைப் பார்த்துப் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முயன்றவர். ஒரு காலத்தில் இங்கே கடல், இன்னொரு காலத்தில் ஈரக்காடு, இப்போது வெயில் என்று மண்ணிலேயே படித்தவர், பிறகு வானத்தைப் படிக்கப் போனார்.

இதெல்லாம் தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

தண்ணீர் ஆகப்போகிறது. செஞ்சிப் பக்கம் கிணறு வெட்டினால் பாறை. விரிசலில் ஊறுவதுதான் தண்ணீர். வானூர்ப் பக்கம் போர் போட்டால் மணற்கல். ஸ்பான்ஞ்ச் மாதிரி நீரைப் பிடித்து வைத்திருக்கும். விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்கும் புதுச்சேரிக்கும் இந்த அடுக்குகள்தான் தண்ணீர் வங்கி. மரத்தைக் கல்லாக்கிய அதே நிலத்தடி நீர் ஓட்டம்தான் இன்றைக்கு நெல்லுக்கும் கரும்புக்கும் மோட்டாரில் ஏறுகிறது. வங்கியில் போடுவதைவிட எடுப்பது அதிகமானால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பக்கத்திலேயே கடல் காத்திருக்கிறது. நன்னீர் இறங்கினால் உப்புநீர் உள்ளே வரும்.

இன்னொன்று, திருவக்கரைச் சுற்றுவட்டாரம் கல் குவாரிகளுக்கும் பேர் போனது. வீடு கட்ட ஜல்லி வேண்டும், ரோடு போட ஜல்லி வேண்டும். அதைத் தப்பு சொல்ல முடியாது. பிழைப்பு இருக்கிறது. ஆனால் பூங்காவின் வேலிக்கு வெளியேயும் இதே செம்மண், இதே அடுக்கு நீள்கிறது. அங்கே கிடக்கும் துண்டுகளுக்கு வேலியும் இல்லை, காவலும் இல்லை. அழகுக்காகத் தோட்டத்தில் வைக்கவும் ஷோகேஸில் வைக்கவும் எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

ஆயிரம் வருஷத்துச் சிலை காணாமல் போனால் நாடே பேசுகிறது. வெளிநாட்டு மியூசியம் வரை போய் மீட்டு வருகிறோம். பேசவேண்டியதுதான். அது பத்து ரூபாய்க் கணக்கு. இரண்டு லட்ச ரூபாய்க் கணக்கில் இருக்கும் கல்லை ஒருவர் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு போனால் கேட்க ஆள் குறைவு. புராதனப் பொருள்களுக்கு 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. நிலவியல் சின்னங்களுக்கென்று தனியாக ஒரு சட்டத்தின் வரைவை மத்திய அரசு மக்கள் கருத்துக்கு வைத்ததே 2022 டிசம்பரில்தான். வரைவு வேறு, சட்டம் வேறு.

கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. இயந்திரம் வருஷா வருஷம் தேயும். அதற்கு ஒரு தொகை ஒதுக்கி, பிற்பாடு புதுசு வாங்கிக்கொள்வார்கள். கல்மரத்துக்கு எவ்வளவு ஒதுக்கினாலும் புதுசு வாங்க முடியாது. அந்தக் கடை மூடி இரண்டு கோடி வருஷம் ஆகிறது.

அடுத்த பௌர்ணமிக்குத் திருவக்கரை போகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரமாக, பகலிலேயே போய்ச் சேருங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அந்தச் செம்மண் மேட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். தொட்டுப் பார்க்கட்டும். கையில் ஒரு சின்னத் துண்டு அகப்பட்டால், அது என்ன, எப்படி வந்தது என்று சொல்லிக்கொடுங்கள்.

சொல்லி முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.