மும்பைத் தமிழர் இல்லங்களில் தேநீர்: சொல்லும் வழக்கும்

மும்பைத் தமிழர் என்றவுடன் மாதுங்காவின் பில்டர் காப்பியே பலர்க்கும் நினைவுக்கு வரும். தாராவித் தமிழர் இல்லங்களில் அடுப்பேறிய தேநீரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. இக்குறைபாடு சுவை பற்றியதன்று. எவருடைய வாழ்க்கை வரலாறாகக் கருதப்பட்டது என்பதைப் பற்றியது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். சீனத்தின் தென்கடற்கரை வழக்காகிய ‘தே’ டச்சு வணிகர் வழியே ஐரோப்பாவிற் பரவியது. ‘சா’ என்னும் வடிவத்தைப் போர்த்துக்கீசியர் கைக்கொண்டனர்; பாரசீகத்தில் அது ‘சாய்’ ஆயிற்று. மராத்தியர் ‘சஹா’ என்பர். மலையாளிகள் ‘சாயா’ என்பர். தமிழில் ‘டீ’ ஆங்கில ஒலியைத் தழுவியது. ஆனால் ‘தேயிலை’யின் முதலெழுத்து பல்லொலி; ஆகவே அச்சொல்லும் ஆங்கிலத்தினின்று நேரே வந்தது எனல் ஐயத்திற்குரியது. மும்பைத் தமிழர் வீட்டில் ‘டீ’ என்றும் தெருவில் ‘சாய்’ என்றும் வழங்குவர்.

தேநீர் இந்நாட்டில் தானாகப் பரவியதன்று. 1903ஆம் ஆண்டின் தேயிலைத் தீர்வைச் சட்டத்தால் திரண்ட நிதி விளம்பரத்திற்குப் பயன்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் பருத்தி ஆலைகளிலும் தேநீர்க் கடைகள் திறக்கப்பட்டன. கொதிநீரில் இலையை ஊறவைத்து, பாலைப் பின்னர்ச் சேர்க்குமாறு விளம்பரப் பலகைகள் கற்பித்தன. மக்கள் அதனைக் கேட்டாரில்லை! பாலும் சர்க்கரையும் இஞ்சியும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் கொதிக்கவைத்தனர். விலைமிக்க இலையைச் சிக்கனமாகச் செலவிட அம்முறையே ஏற்றது. 1930களில் மெக்கெர்ச்சர் வகுத்த, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறை இதற்கு மேலும் துணைசெய்தது. அவ்வாறு பெறும் குருணை விரைவிற் சாறிறங்கும்; பாலுக்கும் ஈடுகொடுக்கும். முழு இலைத் தேயிலையோ கொதிக்கவைத்தால் கைத்துப்போம். அதனை மூடி ஊறவைத்தலே தகும். நீலகிரித் தேயிலையின் நறுமணம் பாலின்றிப் பருகுவார்க்கே நன்கு புலப்படும்.

மாதுங்காவில் குடியேறிய தென்னிந்தியருட் பலர் அலுவலக எழுத்தர்; 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் கண்டவரும் அத்தகைய நடுத்தர வகுப்பினரே. தாராவியில் நெல்லைப் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்தனர். காப்பிக்கு வறுத்தல், அரைத்தல், டிகாஷன் இறக்குதல் ஆகியவற்றிற்குக் கருவியும் பொழுதும் வேண்டும். தேநீருக்கு ஒரு பாத்திரமும் ஒரு வடிகட்டியும் போதும். எனினும் வறுமை ஒன்றே காரணம் என்று முடித்துவிடலாகாது. தமிழகத்திலேயே காப்பி உயர்சாதி, நடுத்தர வகுப்பு மதிப்பின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் எண்ணப்பட்டன என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி எடுத்துக்காட்டியுள்ளார். அப்பிரிவினை ஊர்விட்டு ஊர் வந்தோருடன் மும்பைக்கும் வந்து சேர்ந்தது எனக் கொள்ளலாம்.

செம்பூரில் இக்கோடு அத்துணை அழுத்தமாக இல்லை. அங்குக் காலையில் காப்பியும் மாலையில் தேநீரும் ஒரே அடுக்களையில் இயல்பாக இடம்பெறுகின்றன. மழைக்காலத்தில் தேநீரில் எலுமிச்சைப்புல் இடும் மராத்தியர் வழக்கத்தையும் தமிழர் மேற்கொண்டுள்ளனர். அப்புல்லுக்கு மராத்தியில் ‘கவதி சஹா’ என்று பெயர். தேயிலையே அல்லாத ஒரு புல் தேயிலையின் பெயர் தாங்கி நிற்பதும், தமிழர் அதனை மராத்திப் பெயராலேயே காய்கறிக் கடையில் கேட்டு வாங்குவதும் சொல்லாய்வார் கருதத்தக்கன.