லத்தீன் தெரியாத வாத்தியாரும் மூலக்கூறுகளின் பிடியும்

தண்ணீர் கொதிக்கும்போது என்ன உடைகிறது? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்துவிடுகிறது என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. ஆவியிலும் அதே தண்ணீர் மூலக்கூறுதான். அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு அப்படியே இருக்கு. அடுப்பின் சூட்டில் பெரும்பகுதி, மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியை விடுவிக்கவே செலவாகிறது. அந்தப் பிடியை வாயுக்களின் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் கதைதான் இன்னிக்கு.

யோஹன்னஸ் வான் டெர் வால்ஸ். 1837-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பிறந்தவர். அப்பா தச்சர், வீட்டில் பத்துப் பிள்ளைகள். மேல்படிப்புக்கு வழியில்லாமல் சின்ன வயசிலேயே ஆசிரியர் வேலைக்குப் போனார். பின்னால் பல்கலைக்கழக வகுப்புகளில் போய் உட்கார முடிந்தது. தேர்வு மட்டும் எழுத முடியாது. ஏன்னா லத்தீனும் கிரேக்கமும் தெரியாது! இயற்பியல் படிக்க எதுக்குங்க கிரேக்கம்? நல்லவேளையாக, அறிவியல் மாணவர்களுக்கு அந்த விதியைத் தளர்த்தினாங்க. 1873-இல், 35 வயதில், லைடனில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

அதுவரை இருந்த வாயு விதி, மூலக்கூறுகளை அளவே இல்லாத புள்ளிகளாகவும், ஒன்றையொன்று கண்டுகொள்ளாதவையாகவும் வைத்துக்கொண்டது. அது உண்மையென்றால் எந்த வாயுவும் திரவமாகவே ஆகாது. சமையல் சிலிண்டரை லேசாக ஆட்டினால் உள்ளே தளும்புதே, அது நடக்காது. வான் டெர் வால்ஸ் ரெண்டு திருத்தம் செய்தார். மூலக்கூறுக்கு இடம் வேண்டும். அப்புறம், சுவரில் மோதப் போகும் மூலக்கூறைப் பின்னால் இருப்பவை இழுக்கின்றன. அதனால் அழுத்தம் குறைகிறது. வாயுவுக்கும் திரவத்துக்கும் ஒரே சமன்பாடு! மூலக்கூறு என்ற ஒன்று நிஜமா என்றே பலர் சந்தேகப்பட்ட காலம் அது. அடுத்த வருஷமே மேக்ஸ்வெல் 'நேச்சர்' இதழில் குறைகளையும் சுட்டிக்காட்டி, பாராட்டியும் எழுதினார்.

1880-இல் அவர் இன்னொரு விதியையும் சொன்னார்: ஒரு வாயுவைத் திரவமாக்க எவ்வளவு குளிர் தேவை என்பதை மற்ற வாயுக்களோடு ஒப்பிட்டு முன்கூட்டியே கணிக்கலாம். அடுத்த வருஷம் மனைவி அன்னா காசநோயால் இறந்துபோனார். அதன்பின் சுமார் பத்து வருஷம் அவர் எதையும் வெளியிடவில்லை. அந்த மௌனத்தைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் பேசுவதில்லை.

ஆனால் விதி வேலை செய்துகொண்டே இருந்தது. அதை வழிகாட்டியாக வைத்து, அதே லைடனில் காமர்லிங் ஓன்ஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தைத் திரவமாக்கினார். கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரி. ஹீலியம் அணு மற்ற அணுக்களோடு பிணைப்பே போடாத ஆள். அதுக்குள்ளும் அந்த மெல்லிய பிடி இருந்தது. 1910-இல் வாத்தியாருக்கு நோபல் பரிசு.

அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது? 1873-இல் அதற்குப் பதிலே கிடைத்திருக்காது, எலக்ட்ரானையே அப்போது கண்டுபிடிக்கவில்லை. எலக்ட்ரான்கள் கணத்துக்குக் கணம் ஒரு பக்கம் சாய்கின்றன, அது பக்கத்து அணுவின் எலக்ட்ரான்களையும் சாய்க்கிறது, ரெண்டும் ஈர்க்கின்றன. 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் இதைக் குவாண்டம் இயற்பியலால் விளக்கினார். அப்போது வான் டெர் வால்ஸ் இறந்து 7 வருஷம் ஆகியிருந்தது.